வாலுவின் தோள்கட்டை

அக்கா மகள் வாலுவுக்குக் கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பஞ்சுத் தோட்டா சுடும் பொம்மைத் துப்பாக்கியைக்கூட அந்தக் கையால் சேர்ந்தாற்போல் ஒரு நிமிடம் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. குடியிருப்புப் பிள்ளைகளின் பொம்மைத் துப்பாக்கி சுடும் அணியில் ஐந்து பேர் தேர்வாகிவிட்டார்கள். ஆறாவது இடத்துக்கு அவளும் எதிர்வீட்டுப் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை மோத வேண்டும். தோற்றால் வருடம் முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கை முறிந்ததிலிருந்து அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

மாமன் நான் பிறகு எதற்கு இருக்கிறேன்? இருபது வருடமாக இந்தக் குடியிருப்புக்கே குழாய் வேலை பார்ப்பவன். பிவிசி குழாய் ஒரு முழம், வளைவுக்கு இரண்டு எல்போ, தோளில் படும் இடத்துக்குப் பழைய செருப்பின் ரப்பர். ஒரு மணி நேரத்தில் தோளுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை தயார். அதைத் துப்பாக்கியின் பின்புறம் பொருத்தும்போது அங்கே பென்சில் முனை அளவுக்கு ஓர் ஓட்டை தெரிந்தது. ஓட்டையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. பசை வைத்துக் கச்சிதமாக அடைத்தேன்.

ஒவ்வொரு தடவை சுடுவதற்கு முன்னும் ஸ்பிரிங்கை ஏற்ற இழுக்கும் பிடி கஷ்டமாக இருக்கிறது என்று வாலு சொன்னாள். புதிதில் அப்படித்தான் இருக்கும், போகப் போக இளகிவிடும் என்றேன். எனக்கிருந்த உற்சாகத்தில் ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் நானே பிடியை இழுத்துக் கொடுத்தேன். அவள் விசையை மட்டும் அமுக்கினாள். வைத்த கோப்பையெல்லாம் விழுந்தது.

ஞாயிறு காலை கார் நிறுத்துமிடத்தில் பாதிக் குடியிருப்பு கூடியிருந்தது. குடியிருப்புச் சங்க செக்ரட்டரி கட்டையைத் தட்டிப் பார்த்துப் பாராட்டினார். நான் விடுவேனா? "நான் செஞ்ச வேலை திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது சார்" என்றேன், நாலு பேர் காதில் விழும்படி.

கல்லூரிக்குப் போகும் மாடிவீட்டுப் பெண்தான் கேப்டன். சிரிக்கத் தெரியாதவள். ஐந்து காகிதக் கோப்பை, இரண்டு நிமிடம், நடுவில் யாரும் உதவக் கூடாது என்றாள்.

எதிர்வீட்டுப் பெண் மூன்றை வீழ்த்தினாள்.

வாலு பிடியை இழுத்தாள். பாதி வந்து திரும்பிப் போனது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் பாதிதான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஓட்டை, பிடியை இழுக்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறுவதற்கு. அதை அடைத்துவிட்டேன். ஒவ்வொரு இழுப்பிலும் குழந்தை ஸ்பிரிங்கோடு காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தாள். இப்போது வாயைத் திறந்தால், நடுவில் உதவியதாகச் சொல்லி ஆட்டத்திலிருந்தே அவளை விலக்கிவிடுவார்கள்.

அவள் கட்டையைத் தரையில் ஊன்றி, முழங்காலால் அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்தாள். பிடி வந்தது. சுட்டாள். ஒரு கோப்பை விழுந்தது. அக்கா என் கையைக் கிள்ளி, என்னடா பண்ணி வைத்தாய் என்று பல்லைக் கடித்தாள். வாலு கையை ஒரு முறை உதறிவிட்டு மறுபடி இழுத்துச் சுட்டாள். இன்னொன்றும் விழுந்தது. அடுத்த இழுப்பில் பிடி நழுவியது. நேரம் முடிந்துவிட்டது.

கேப்டன் அவள் அருகில் வந்து குனிந்தாள்.

"துப்பாக்கியில கோளாறு இருந்தா சொல்லு. வேற தர்றேன், திரும்பச் சுடலாம்."

வாலு என்னைப் பார்த்தாள். என் பக்கத்தில் நின்ற செக்ரட்டரியையும் பார்த்தாள்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. என் கைதான் இன்னும் சரியாகலை."

கேப்டனுக்கு நம்பிக்கை வரவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்கதானே செஞ்சது? சரியாத்தானே இருக்கு?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுற்றி நின்ற அத்தனை பேர் வீட்டிலும் நான் போட்ட குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"சரியாத்தாம்மா இருக்கு" என்றேன்.

கேப்டன் எதிர்வீட்டுப் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டாள்.