பெயர் தொலைத்த கோப்புகள்

காத்தான்குடியில் கலியாணக் கார்ட் வடிவமைக்கும் இர்ஷானாவின் கணினியை அன்று பகல் அணைத்தது மின்வெட்டு அல்ல, அவள் புருஷன் றிஸ்லான். கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தவனுக்கு மாம்பழ ஜூஸ் அடிக்க ஆசை வந்தது. பிளெண்டரைக் கொளுவ இடம் தேடி, மேசைக்கடியில் கிடந்த பிளக்கைக் கழற்றிவிட்டான்.

தொழுதுவிட்டு வந்தவளிடம், "கரண்ட் போயிட்டு போல," என்றான்.

இர்ஷானா அண்ணாந்து பார்த்தாள். "அப்ப இந்த ஃபேன் உங்கட மூச்சிலயா சுத்துது?"

றிஸ்லான் பிளெண்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

கணினியை மறுபடி போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வந்தது. டிஸ்க்கில் பிழை, தானாகத் திருத்த முடியவில்லை, நீயே பார்த்துக்கொள் என்பது அதன் சாரம். ஓடர் தந்திருந்த ஹப்ஸாவின் கலியாணக் கார்ட் அதற்குள்தான் இருந்தது. அந்திக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டியது.

"திருத்துற கட்டளை இரிக்கித்தானே, அத அடியன்," என்றான் றிஸ்லான்.

"முதல்ல நகல் எடுக்கணும். நீங்க கை வெச்ச சாமான நகல் இல்லாமத் தொட மாட்டன்."

டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் பிரதி எடுத்து, பிரதியில் திருத்தும் கட்டளையை ஓட்டினாள். பாதி வழியில் அது நின்றுவிட்டது. எது எங்கே இருக்கிறது என்று டிஸ்க் வைத்திருக்கும் தலைக்குறிப்பே கெட்டுப்போயிருந்தது. இர்ஷானா கொஞ்சநேரம் நகத்தைக் கடித்தாள். அதே குறிப்பை டிஸ்க் வேறு சில இடங்களிலும் எழுதி வைத்திருக்கும் என்பது நினைவுக்கு வர, அதில் ஒன்றைப் பார்த்துத் திருத்தும்படி கட்டளை கொடுத்தாள். இம்முறை ஓடியது. 'திருத்தவா?' என்று அது கேட்கக் கேட்க, 'ஓம்' என்று தட்டிக்கொண்டே போனாள்.

"கலியாணத்துக்கு உன்னக் கேட்டப்போ இவ்வளவு வேகமா ஓம் சொல்லலியே?"

"அதுல யோசிக்கக் கனக்க இருந்திச்சே."

கோப்புகள் பிழைத்துக்கொண்டன. பெயர்கள்தான் போய்விட்டன, எல்லாம் வெறும் இலக்கங்களாக ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. இர்ஷானா கதிரையை அவன் பக்கம் தள்ளினாள். "இரிங்க. ஒவ்வொண்டாத் திறந்து பாத்துப் பேர் வைங்க."

றிஸ்லான் அடக்கமாக உட்கார்ந்தான். பூ வேலைப்பாடு, கடைப் பெயர்ப்பலகை, யாரோ ஒரு மாப்பிள்ளையின் படம். அடுத்ததைத் திறந்தபோது அவனுடைய குரலே பேசியது: "மீன் ஆணத்துக்கு மாங்காய எப்ப போடணும் எண்டு கேட்டியே புள்ள..." கட்டாரிலிருந்து அனுப்பியது. அடுத்ததும் அவன் குரல்தான். அதற்கடுத்ததும்.

"என்ட வொய்ஸ் எல்லாம் நீளம், கேக்க நேரமில்ல எண்டு சொன்ன ஆள் ஆரு?"

"அது... ஸ்பீக்கர் வேல செய்யுதா எண்டு பாக்க வெச்சது."

"மூணு வருசமா ஸ்பீக்கர் பாத்திரிக்கிறாய்."

இர்ஷானா முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டாள்.

மஃரிப் தொழுகைக்கு முன்னமே ஹப்ஸாவின் கார்ட் கிடைத்து, அச்சகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகும் றிஸ்லான் எழும்பவில்லை. தன் குரல்களைத் தேடித் தேடிப் பெயர் வைத்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: 'மிக முக்கியம்'.

"கொஞ்சம் கூடிப்போச்சு," என்றாள் இர்ஷானா. ஆனால் மாற்றவில்லை.