மதிலுக்கு வெளியால மூண்டாம் வகை

கந்தோரில கதிரையில இருந்துகொண்டு அந்த நிலத்துக்கு மூண்டு எண்டு போட்டவள் நான்தான். வேற ஆரையும் குறை சொல்ல ஏலாது.

எங்கட நகரசபை பச்சை நிலங்களை வகை பிரிக்குது. கிழமைக்குக் கிழமை புல்லு வெட்டுற பூங்கா, மைதானம் எல்லாம் ஒண்டு. திருநாளுக்கு மட்டும் துப்புரவாக்கிறது ரெண்டு. ஒருத்தரும் திரும்பிப் பாக்காதது மூண்டு. மூண்டெண்டால் கதை முடிஞ்சுது. மெசின் வந்து கிண்டி லொறி நிப்பாட்டுற இடமாக்கும். கீரி ஊரில, செத்தவையைப் புதைக்கிற சேமக்காலை மதிலுக்கு வெளியால கிடக்கிற துண்டை வேதக் கோயிலும் தங்கடை இல்லையெண்டுது, சபையும் இல்லையெண்டுது. பிறகென்ன, போய்ப் பாக்காமலே மூண்டு. வெள்ளிக்கிழமை மெசின் வருகுது.

வியாழன் மத்தியானம் எங்கட மேலதிகாரி றொட்னி சேர் அதைப் படம் எடுத்துவரச் சொன்னார். கொதிக்கிற வெய்யில். அந்த மனிசனைத் திட்டித் திட்டித்தான் ஸ்கூட்டியை ஓடினன்.

மதிலுக்கு உள்ள கல்லறையளுக்கு நடுவில ஒரு புல்லும் இல்லை. சோளகக் காத்து எல்லாத்தையும் கருக்கிப்போட்டுது. வெளியால வந்து பாத்தால் பச்சை. சின்னச் சின்னச் சதுரமாப் புல்லு, ஒவ்வொண்டும் குழந்தையைக் கிடத்துற பாய் அளவு. கத்தரிக்கோலால வெட்டின மட்டம். சுத்திவர மணலில ஒரு கால் தடமும் இல்லை. காத்து மதிலுக்கு அங்கால இரையுது, இங்கால என்ர தலைமயிர்கூட அசையேல்லை. குனிஞ்சு மண்ணைத் தொட்டன். ஈரம். ஆளின்ர உடம்புச் சூடு. பயந்துபோய்க் கையை எடுத்திட்டன்.

"ஆர் பிள்ளை நீங்கள்?"

பின்னால ஒரு மனிசி. கையில தண்ணிப் போத்தலும் கத்தரிக்கோலும். பேர் லூர்தம்மா எண்டா. நான் சபையில இருந்து வாறன் எண்டதும் அவவின்ர முகம் செத்துப்போச்சு.

"ஞானஸ்நானம் குடுக்க முந்திச் செத்த குழந்தையள். அந்த நாளையில உள்ளுக்க வைக்க விடமாட்டினம், குருசும் நடேலாது. அதுதான் நாங்கள் பதினாறு தாய்மார் புல்லு வளத்து அடையாளம் வைச்சிருக்கிறம். வெளியில சொல்லுறேல்லை. நாளைக்குக் கிண்டப் போகினமாமே? என்ர மகளை நான் எங்க கொண்டுபோறது?"

மூலையில ஒரு சதுரம் மட்டும் சருகாக் கிடந்தது. கையைக் காட்டிக் கேட்டன்.

"அதுக்குத் தாய் வாறேல்லை. நான் எவ்வளவு தண்ணி விட்டாலும் மண் குடிக்காது, மேலால ஓடிப்போகும். பெத்தவள்தான் விடவேணும்போல. பதினெட்டு வருசத்துக்கு முந்தி அருட்பிரகாசம் மாஸ்டர் சவர்க்காரப் பெட்டியில கொண்டுவந்து வைச்சவர். மகளின்ர பிள்ளையாம்."

அருட்பிரகாசம் மாஸ்டர் என்ர அப்பா. என்ர பிள்ளை அரை நாள்தான் இருந்தது. எங்க வைச்சனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. அவர் சொல்லாமலே கண்ணை மூடிட்டார். கேட்டிருக்கலாம். கல்நெஞ்சுக்காரி நான், கேக்கேல்லை.

போத்தலைப் பறிச்சு ஊத்தினன். மண் குடிச்சுது. சின்ன வாய் பால் உறிஞ்சுற சத்தம் கேட்டுது. லூர்தம்மாவுக்கும் கேட்டிருக்கவேணும், அவ சிலுவை அடையாளம் போட்டா. போத்தல் முடிஞ்ச பிறகும் சத்தம் நிக்கேல்லை.

போன் அடிச்சுது. றொட்னி சேர்.

"படம் எடுத்தாச்சோ?"

"வகை பிழை சேர். இது ஒண்டு. மெசினை மறியுங்கோ."

"ஒண்டோ? அப்ப ஆர் அதைப் பராமரிக்கிறது?"

"தாய்மார் சேர்," எண்டன். "பதினாறு பேர் எப்பவும் வாறவை. ஒராள் பிந்திப்போனா."