ஒரு சாண் தள்ளி

நீலப்பொடியில் தோய்த்த நூலைச் சுண்டியதும் கான்கிரீட்டின் மேல் நீளவாக்கில் நீலக்கோடு விழுந்தது. முந்தின நாள் போட்ட கான்கிரீட். இரண்டு வீடுகளுக்கு நடுவே, கேட்டிலிருந்து கொல்லை வரை கார் போக ஒரே பாதை. இடப்பக்க வீடு அண்ணனுடையது, வலப்பக்கம் தம்பியுடையது. பாகம் பிரித்தபோதே பாதை இருவருக்கும் பொது என்று எழுதியாயிற்று. பழைய பாதை பாளம் பாளமாக உடைந்தபோது, யாருடைய கார் உடைத்தது என்பதில் சண்டை வந்து, மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். இப்போதுதான் ஒருவழியாகச் சேர்ந்து புதிதாகப் போட்டிருந்தார்கள்.

என் வேலை வெட்டுவது. கான்கிரீட் இறுகும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். அது இஷ்டத்துக்கு வெடிப்பதற்குள் மெஷினால் ஓர் அங்குல ஆழத்துக்குக் கோடு கிழித்துவிட்டால், வெடிப்பு அந்தக் கோட்டுக்கு அடியிலேயே அடங்கிவிடும். நட்டநடுவில்தான் கிழிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பாதையில் சாக்கடைக்கு ஓர் இரும்பு மூடி இருந்தது. வெடிப்பு எப்போதும் அந்த மாதிரி மூடியின் மூலையில்தான் தொடங்கும். அதனால் நூலை அந்த மூலையோடு சேர்த்துப் பிடித்தேன். கோடு நடுவிலிருந்து ஒரு சாண் தம்பி பக்கம் தள்ளி விழுந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அண்ணன் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார். "என்னப்பா கோடு இது?"

மூடியைக் காட்டி ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு நாக்கில் சனி. "இந்தப் பக்கம் உங்களுக்கு, அந்தப் பக்கம் தம்பிக்கு. உங்களுக்கு ஒரு சாண் கூடவே போட்டுட்டேன் சார்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவும் செய்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தம்பி வீட்டு ஜன்னலைப் பார்த்துச் சத்தமாக, "மூத்தவனுக்கு ஒரு சாண் கூடத்தான் வரும். அளந்து கோடு போட்டாச்சு" என்றார்.

நான் மெஷினுக்குத் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன். தம்பி பனியனோடு வெளியே வந்தார், கையில் கடப்பாரை.

"பாகம் பிரிச்ச அன்னிக்கு ஏமாந்தேன்னு இன்னிக்கும் ஏமாறுவேனாடா?"

"சார், அது வெடிப்புக்காகப் போட்ட கோடு! நான் விளையாட்டுக்குச் சொன்னேன்!" என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது?

"போட்டது போட்டதுதான். என்னடா பண்ணுவே?" என்றார் அண்ணன்.

தம்பி கோட்டின் மேல் ஓங்கிக் குத்தினார். சில்லு பறந்து என் கன்னத்தைக் கிழித்தது. இரண்டாவது குத்துக்குள் அண்ணன் அவர் கழுத்தைப் பிடித்துவிட்டார். இருவரும் உருண்டார்கள். தம்பி அண்ணனின் காதைக் கடித்தார். அண்ணன் அவர் முகத்தில் முட்டியால் இடித்தார். நான் விலக்கப் போய் வயிற்றில் ஓர் உதை வாங்கி மெஷின் மேல் விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கடப்பாரை அண்ணன் கைக்கு வந்திருந்தது. ஒரே வீச்சு. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

தம்பி கோட்டுக்கு அந்தப் பக்கம் சாய்ந்தார். காதுக்கு மேலிருந்து ரத்தம் கொட்டியது. கடப்பாரை அண்ணன் கையிலிருந்து நழுவியது. "டேய்... டேய் தம்பி" என்று குரல் உடைந்து ஓர் அடி எடுத்து வைத்தார்.

தம்பியின் மனைவி உள்ளிருந்து ஓடிவந்து குறுக்கே நின்றாள். "கோட்டைத் தாண்டாதீங்க மாமா! ஒரு சாண் கேட்டீங்கல்ல, அங்கேயே நில்லுங்க. கால வச்சீங்க, அதே கடப்பாரையாலயே அடிச்சுக் கொன்னுடுவேன்!"

அவர் நின்றுவிட்டார். நான் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் காயத்தில் அழுத்தினேன். மூச்சு இருந்தது, ஆனால் விட்டுவிட்டு வந்தது. தெருவில் யாரோ ஆம்புலன்ஸுக்கு போன் செய்துகொண்டிருந்தார்கள். சட்டை ஊறிப்போய் என் விரலிடுக்கில் சூடாக வழிந்தது. எனக்கு அழுகை வந்தது.

"சார், அது எல்லை இல்ல சார். நான் சொன்னது பொய். வாங்க, தலையைப் பிடிங்க" என்று கெஞ்சினேன்.

அவர் வரவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் காயத்தை அழுத்திக்கொண்டே, மறு கையால் பக்கத்தில் கிடந்த ஈரச் சாக்கை இழுத்து அந்தக் கோட்டைத் தேய்த்தேன். நீலம் அழியவில்லை. தண்ணீரில் கரைந்து இரண்டு பக்கமும் அகலமாகப் பரவியது. அண்ணன் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு அரை அடி பின்னால் நகர்ந்து நின்றார்.