பெண்மை என வாசிக்கவும்

அலுவலகத்தில் அவளுக்குச் சந்தியக்கா என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், சந்தியா என்பதைத்தான் இப்படிச் செல்லமாகச் சுருக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். செல்லமாவது ஒன்றாவது. சந்திப்பிழை கண்ட இடத்தில் ஆளைப் பிடித்து உலுக்குகிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம் அது.

மகளைக் கல்லூரி விடுதியில் சேர்ப்பதற்காக விடுப்பில் போயிருந்தாள். திரும்பி வந்த காலையில் மேசைமேல் புது இதழ் கிடந்தது. பெண்களுக்கான வார இதழ். அட்டையில் ஒரு பெண் வானத்தைப் பார்த்துக் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஆசிரியருடைய தலையங்கத்தின் தலைப்பு, கொட்டை எழுத்தில்: 'பெண்ணே, வாய் திற!'

பக்கத்தைப் புரட்டியதுமே சந்தியக்காதான் வாயைத் திறந்தாள். 'இல்லறத்துக்கு அச்சாணி அன்னிபெண்மையம்' என்று ஆரம்பித்தது கணவன் மனைவி பகுதி. அறிவியல் துணுக்கில், விபத்தில் கையை இழந்த ஒருவருக்கு மருத்துவர்கள் 'பபெண்மைக் கை' பொருத்தியிருந்தார்கள்.

"ஏம்ப்பா கட்டம், என்ன கண்றாவி இது?"

கட்டம் என்பது வடிவமைப்பாளர். எதைக் கொடுத்தாலும் சுற்றி ஒரு கட்டம் போட்டுவிடுகிறவர். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"பயோனிக் கைக்கா. அதுக்குள்ள அந்த வார்த்தை ஒளிஞ்சிட்டிருக்காம். அன்னியோனியத்துக்குள்ளயும் இருந்துச்சு. நீங்க இல்லாதப்ப எடிட்டர் சார் வந்து உக்காந்தாரு. இதழ் முழுக்க அந்த வார்த்தையைத் தேடு, பெண்மைன்னு மாத்துன்னு கம்ப்யூட்டர்ல ஒரே அமுக்கு. முடிஞ்சுது சோலி."

"எந்த வார்த்தை?"

"அதாங்க்கா..." கட்டம் கூரையைப் பார்த்தார். மின்விசிறியில் எழுதியிருக்கும் போல. "ஆரோக்கியப் பக்கத்துல டாக்டரம்மா சொன்னது."

சந்தியக்கா அவசரமாகப் பக்கங்களைத் தள்ளினாள். ஆரோக்கியப் பக்கம் அவளுடைய பக்கம். வாசகிகள் கேள்வி அனுப்புவார்கள். டாக்டரம்மா எழுத மாட்டார். நோயாளிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் கைப்பேசியில் பேசி அனுப்புவார். பின்னணியில் குழந்தை அழும், யாரோ இருமுவார்கள். அதை ஓடவிட்டு ஓடவிட்டு எழுத்தாக்குவது சந்தியக்காவின் வேலை. இந்த முறை கேட்டிருந்தவள் ஒரு பல்வலிக்காரி. பல் வீங்கி ஆன்டிபயாடிக் சாப்பிட்டாளாம். பல் சரியாகிவிட்டது, கீழே அரிப்பு ஆரம்பித்துவிட்டதாம். வெள்ளையாகத் திரிதிரியாக என்னவோ போகிறதாம். அழுக்கு என்று நினைத்து வாசனைச் சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாளாம், எரிச்சலும் சேர்ந்துகொண்டதாம்.

டாக்டரம்மா பொரிந்து தள்ளியிருந்தார். "எழுதிக்கோம்மா. பல்லுல சீழ் இருந்தா ஆன்டிபயாடிக் வேணும்தான், பாதியில நிறுத்தவும் கூடாது. ஆனா அந்த மருந்துக்குப் பல்லு எது, யோனி எதுன்னு தெரியாது. யோனிக்குள்ள நல்ல பாக்டீரியா குடியிருக்கு. லேசான புளிப்பை உண்டாக்கி, வேற கிருமியை அண்டவிடாம காவல் காக்குது. மருந்து போற போக்குல காவக்காரனையும் சேத்துக் கொன்னுடும். எல்லாருக்கும் இப்படி ஆகாது. சிலருக்கு அந்த இடைவெளியில பூஞ்சை பெருகிடும். இதுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்ல, ஒழுக்கத்துக்கும் சம்பந்தமில்ல. சோப்பு போட்டுக் கழுவவே கூடாது. தானா மருந்துக்கடைக்குப் போய் இன்னொரு ஆன்டிபயாடிக் வாங்கவும் கூடாது. டாக்டர்கிட்டக் காட்டினா யோனிக்குள்ள வைக்கற மாத்திரை குடுப்பாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அதைச் சந்தியக்கா சொல் பிசகாமல் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அச்சில் இப்படி இருந்தது:

'பெண்மைக்குள் நல்ல பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஆன்டிபயாடிக்கால் பெண்மையின் சமநிலை கெடலாம். பெண்மையைச் சோப்பு போட்டுக் கழுவக் கூடாது. மருத்துவர் தரும் மாத்திரையைப் பெண்மைக்குள் வைக்க வேண்டும்.'

வேற்றுமை உருபு ஒன்றுகூட இடறவில்லை. இலக்கணம் கச்சிதம். அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒழுக்கத்தைப் பற்றிய வரியைக் காணோம். இடப் பற்றாக்குறையாம்.

தொலைபேசி அடித்தது.

"மேடம், நான்தான் அந்தப் பல்வலி..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "எங்க ஊர் டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையை வாங்கிட்டேன். பெண்மைக்குள்ளன்னா எங்கன்னு விளங்கல மேடம். மருந்துக்கடைல கேட்டா, 'உள்ளுக்குத்தாம்மா'ன்னுட்டு பொட்டலத்தை மடிச்சுக் குடுத்துட்டாரு. தண்ணி ஊத்தி முழுங்கிட்டேன். ஒண்ணும் கேக்கல."

சந்தியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எங்கே வைப்பது, எப்படிப் படுத்துக்கொண்டு வைப்பது, முதலில் அந்த டாக்டரிடம் போய் முழுங்கிவிட்டதைச் சொல்ல வேண்டும் என்பதை எல்லாம் சொன்னாள்.

"சரி மேடம். அது நான் பாத்துக்கறேன். ஆனா இன்னொண்ணு. எங்க வீட்டுக்காரர் உங்க பத்திரிகையை எழுத்து விடாம படிப்பாரு. 'உன் பெண்மை கெட்டுப்போச்சுன்னு டாக்டரே எழுதியிருக்காங்க. ஒழுங்கான பொம்பளைக்கு எதுக்குக் கெடுது?'ங்கறாரு. என் தலையணையை எடுத்து ஹால்ல போட்டுட்டாரு. சனிக்கிழமை எங்கம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவாராம். நீங்க சரியா போடுங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டாரு. அச்சுல வந்தா நம்புவாரு."

அடுத்த இதழ் வெள்ளிக்கிழமை கடைக்கு வரும். பக்கங்கள் இன்று மாலை அச்சுக்குப் போகும்.

சந்தியக்கா இதழைச் சுருட்டிக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் போனாள். அடிக்கத்தான் வருகிறாளோ என்று ஆசிரியர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அவரே விருது வாங்கிக்கொண்டிருந்தார். பெண் விடுதலை பற்றி அவர் பேசாத மேடை கிடையாது. மேடையில் வேறு யாரையும் பேசவும் விட மாட்டார்.

"யாரு சார் உங்களை மாத்தச் சொன்னது?"

"இது குடும்பப் பத்திரிகைம்மா. அப்பா, பையன், மாமியார்னு எல்லாரும் கூடத்துல உக்காந்து படிக்கறது. நடுவுல அந்த வார்த்தை வந்தா எப்படி இருக்கும்?"

"அப்பா, பையன், மாமியார் எல்லாருமே அது வழியாத்தான் சார் வந்தாங்க."

ஆசிரியர் காதைப் பொத்தவில்லை, அவ்வளவுதான். "பேச்சைப் பாரு! பெண்மைங்கறது எவ்வளவு கம்பீரமான சொல். அதைப் போட்டதுல என்ன குறை?"

"கம்பீரம்தான் சார். அரிக்குது."

பல்வலிக்காரியின் கதையைச் சொன்னாள். ஆசிரியர் பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினார். "நம்பரைக் குடும்மா. அந்த வாசகர்கிட்ட நானே பேசறேன். ஆம்பளைக்கு ஆம்பளை பேசினா அஞ்சு நிமிஷ விஷயம்." அவர் எப்போதும் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத்தான் பேசுவார். கையை ஆட்டிப் பேச வசதி.

மனைவி எடுத்தாள், கணவன் வாங்கிக்கொண்டான்.

"சார், நீங்களா! உங்க தலையங்கம் ஒண்ணு விடமாட்டேன் சார்."

"சந்தோஷம். வந்து... அந்த விஷயம் சம்பந்தமா..."

"ஆமா சார், அந்த விஷயம்."

"அது நீங்க நினைக்கற அது இல்ல."

"அப்ப எது சார்?"

"அதேதான். ஆனா அந்த அர்த்தத்துல இல்ல."

"புரியுது சார்."

புரிந்துவிட்டதாம். சந்தியக்கா பல்லைக் கடித்தாள்.

"மொத்தத்துல பெண்மையைப் போற்றணும். அதான் நம்ம கொள்கை" என்றார் ஆசிரியர்.

"அதையேதான் சார் இவகிட்ட நானும் தலையால அடிச்சுக்கறேன். அம்மா வீட்டுல கொஞ்ச நாள் இருந்து, எல்லாத்தையும் சரி பண்ணிக்கிட்டு வரட்டும்னு..."

"நல்ல முடிவு. ஓய்வும் கிடைக்கும்."

ஆசிரியர் 'பார்த்தாயா?' என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். சந்தியக்காவுக்குள் இத்தனை வருடமாக 'சரி சார், சரி சார்' என்று அடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று அந்தப் புருவத்தைப் பார்த்ததும் அறுந்தது. தொலைபேசியை மேசையோடு தன் பக்கம் இழுத்தாள்.

"இங்க பாருங்க, நான் அந்தப் பக்கத்தோட உதவி ஆசிரியை பேசறேன். உங்க சம்சாரத்துக்கு யோனில பூஞ்சை வந்திருக்கு. பல்லுக்குச் சாப்பிட்ட மாத்திரையால வந்தது. பெண்மையும் கெடல, ஒண்ணும் கெடல."

ஆசிரியர் பாய்ந்து போய்க் கதவைச் சாத்தினார். கதவுக்கு வெளியே நின்றிருந்த கட்டத்தின் மூக்கு தப்பியது.

"மேடம், ஒரு பொம்பளை இப்படிப் பச்சையா..."

"ஆன்டிபயாடிக் சாப்பிட்டு உங்களுக்கு வயித்தால போச்சுன்னா, 'உன் ஆண்மை கெட்டுப்போச்சு'ன்னு உங்களை அம்மா வீட்டுல கொண்டுபோய் விடுவாங்களா? தலையணையைத் தூக்கி வெளிய போடுவாங்களா?"

அவன் திருப்பிக் கேட்டான், கேட்டதில் நியாயமும் இருந்தது.

"அப்ப அச்சுல ஏன் அப்படிப் போட்டீங்க? சார் ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. எதை நம்பறது? அச்சுல வரட்டும், பாக்கலாம்." வைத்துவிட்டான்.

சந்தியக்கா திரும்பி ஆசிரியரைப் பார்த்தாள். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"திருத்தம் போடணும் சார். 'சென்ற இதழில் பெண்மை என்று வந்த இடங்களில் எல்லாம் யோனி என வாசிக்கவும்.' ஒரு வரிதான்."

"சரி, ஒரு வரின்னா..." என்று ஆரம்பித்தவருக்குப் புரை ஏறியது. "எல்லா இடத்துலயுமா? என் தலையங்கத்துலயும் பெண்மைன்னு வருதே!"

வந்தது. 'பெண்மையின் முன் நான் தலைவணங்குகிறேன்' என்று ஆரம்பித்து, 'பெண்மை வெல்லும்' என்று முடித்திருந்தார். நடுவில் அது தேசத்தைத் தாங்கியது, இமயத்தைத் தொட்டது. சந்தியக்கா ஒவ்வொரு வரியையும் திருத்தத்தோடு சத்தமாகப் படித்துக்காட்டினாள். குரலில் ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக இருந்தது. கதவுக்கு வெளியே யாரோ இருமலை அடக்கப் படாதபாடு பட்டார்கள்.

"நிறுத்தும்மா! வேற வழியே இல்லையா?"

"இருக்கு. டாக்டரம்மா பேசினதை ஒரு எழுத்து மாத்தாம முழுசா திரும்பப் போடலாம். ஒழுக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்கற வரியோட. நீங்களே சொல்லுங்க, எது வேணும்?"

மாலையில் பக்கம் அச்சுக்குப் போனது. டாக்டரம்மாவின் பதில் முழுதாக இருந்தது. அடியில் ஆசிரியர் தம் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இப்பக்கத்தில் உள்ள சொல்லுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல.' கட்டம் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருந்தார். போகட்டும், அந்தச் சொல்லுக்கு அவர் பொறுப்பு என்று யாரும் சொல்லவில்லை என்று சந்தியக்கா விட்டுவிட்டாள். கோபம் மட்டும் இறங்கவில்லை. ஒரு பெண் தன் படுக்கையில் படுத்துக்கொள்வதற்கு அச்சுக்கூடத்தின் தயவு வேண்டியிருக்கிறது என்று நினைக்க நினைக்க ஏறிக்கொண்டேதான் போனது.

பல்வலிக்காரியைக் கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமை வந்துடும். அவர் கையில குடுத்து, சத்தமா படிக்கச் சொல்லுங்க."

"அந்த வார்த்தையையா? வாய் வராது மேடம் அவருக்கு."

"அப்ப நீங்க படிங்க."

"நானா? எனக்கே இதுவரைக்கும் வாயில வந்ததில்ல மேடம்."

"இப்ப வரட்டும். சொல்லிப் பாருங்க. நான் ஒருத்திதான கேக்கறேன்."

மறுமுனையில் தொண்டையைச் செருமுவது கேட்டது. "யோ..." என்று ஆரம்பித்து நின்றாள். மறுபடி, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "யோ..."

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கணவனின் குரல் தூரத்திலிருந்து வந்தது. "போன்ல யாரைடி 'யோவ்'ங்கற?"

சந்தியக்கா தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உங்களைத்தான்" என்றாள் பல்வலிக்காரி. "வாங்க, இப்படி உக்காருங்க. ஒரு வார்த்தை சொல்லணும்."