மழைக்கு முன் எடுத்த தண்ணீர்

வடிகால் பிரிவிலிருந்து வந்த எட்ரியன், பரிசோதனைக்கு வடிகால் தண்ணீரைப் பிடித்துப் புட்டியை மூடியபோது காலை பத்து மணி. கீழே லயத்தில் குடியிருக்கும் கத்தரீன் எரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே உள்ள காய்கறித் தோட்டத்து மண்ணும் மருந்தும் இந்த வடிகால் வழியாகத்தான் ஆற்றில் விழுகின்றன. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளுக்கு அந்த ஆறுதான் குடிதண்ணீர். காலையில் தெளிவாக ஓடும். மதிய மழைக்குப் பிறகே குழம்பாகும்.

“மழையில வந்து எடு தம்பி. மாசாமாசம் சுத்தம்னு எழுதிட்டுப் போனா, மேல எவன் மண்ணு தங்குற தொட்டி கட்டுவான்?”

“மழையில எறங்கக் கூடாது ஆன்ட்டி, ரூல்ஸ் லா.”

“ரூல்ஸா, இல்ல கால்ல போட்ட சப்பாத்து நனைஞ்சிடும்னு பயமா?”

எட்ரியனுக்கு ரோஷம் வந்துவிட்டது. காத்திருந்தான்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வடிகால் செம்மண்ணாய் நுரைத்தது. புதுப் புட்டியோடு சரிவில் இறங்கிய எட்ரியன், வடிகால் வாயிலிருந்த கல்லில் கால் வைத்தான். போன வருஷம் அங்கே அடைத்திருந்த பிளாஸ்டிக்கை இழுக்கப் போன கத்தரீனின் கணவர் அல்போன்ஸை, அந்தக் கல்லிலிருந்துதான் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

“ஏறி வா! போதும், ஏறி வாடா!”

“ஒரு நிமிஷம் ஆன்ட்டி, ரொம்பிடும்.”

“வான்னா வா!”

அந்தக் குரலில் அரண்டுபோய், வெறும் புட்டியோடு அவன் மேலே ஏறினான்.

காலையில் பிடித்த தண்ணீர்தான் பரிசோதனைக்குப் போனது. அறிக்கையில் சுத்தம் என்றே வந்தது. கத்தரீன் அதைப் படித்துவிட்டு, குழாயில் பழுப்பாக வந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி அடுப்பில் ஏற்றினாள்.