அடிச் சத்தம்

சினிமாவில் விழும் அடிகளுக்குச் சத்தம் கொடுப்பது என் பிழைப்பு. நடிகர்மேல் ஒன்றும் விழாது. எல்லாவற்றையும் என் ஈரச் சாக்குதான் வாங்கிக்கொள்ளும். என்னைப் போல அடித்த ஆள் போலீஸில்கூடக் கிடையாது என்று சவுண்ட் என்ஜினியர் கிண்டல் பண்ணுவார்.

இந்தப் படத்தில் மட்டும் கை ஓடவில்லை. எங்கள் நிறத்தவர்கள் இருட்டிய பிறகு தெருவில் நடக்கக் கூடாது என்று சட்டம் இருந்த காலத்தின் கதை. ஸ்டேஷனில் ஒருவனை அடித்தே கொல்கிறார்கள். படியில் உருண்டு விழுந்தான் என்று எழுதிவைக்கிறார்கள். என் அண்ணனுக்கும் அதையேதான் எழுதினார்கள்.

மூன்று நாள் அடித்தேன். சாக்கு, தோல் பெல்ட், பூசணிக்காய், எல்லாமே பொய்யாகக் கேட்டன. நன்றாகத்தானே இருக்கிறது என்றார் டைரக்டரம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாக இருக்க இதென்ன பாட்டுக் கச்சேரியா? நானும் பொய்ச் சத்தம் வைத்தால், அண்ணனை இன்னொரு தடவை படியில் உருட்டிவிட்ட மாதிரிதான்.

அண்ணன் செத்த அன்றைக்குக் காலையிலிருந்து ஸ்டேஷன் சுவரோரம் நின்றவர் அம்மா. நாற்பது வருஷமாக அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. பக்கத்து வீட்டில் பாட்டைக் கூட்டினால் அம்மா சன்னலைச் சாத்திவிடுவார். பாம்புக் காது என்று கேலி செய்வேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவரிடம் போய், அன்றைக்கு என்ன கேட்டது என்றேன். கேட்டதுமே வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா கையிலிருந்த துண்டை மடித்து முடித்தார்.

"அடி எதுவும் கேக்கலடா. உள்ள ரேடியோ பாடிட்டிருந்துச்சு. அப்பப்ப சத்தத்தக் கூட்டுவாங்க. கூட்டும்போதெல்லாம் தெரிஞ்சுக்குவேன்."

சாக்கைத் தூக்கிப் போட்டேன். ரிப்பேர் கடைகளில் அலைந்து அந்தக் காலத்து ரேடியோ ஒன்றைப் பிடித்துவந்து, அதன் திருகை ஏற்றி இறக்கிப் பதிவு செய்தேன். டைரக்டரம்மா அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டார். பிறகு அடிக்கும் காட்சியை வெட்டிவிட்டு, மூடிய கதவை மட்டும் வைத்தார்.

படத்தை முதலில் அம்மாவுக்குத்தான் போட்டுக் காட்டினேன். வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் அவர் சரி என்று சொல்லாமல் இது வெளியே போகக் கூடாது. என் அறையில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் கதவு. பாட்டு ஒருமுறை ஏறி இறங்கியது. இரண்டாவது முறை ஏறியபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். நிறுத்தப் போனேன்.

"இல்லடா, கூட்டு," என்றார். "இவ்வளவு கம்மியா வைக்கல அவங்க."

கூட்டினேன்.