செத்துவிட்டார் என்றாலும் நம்பாதீர்கள்

"மாமா, கொஞ்சம் எந்திரிங்க," என்றாள் நிரோஷினி.

"இப்பதானம்மா உக்காந்தேன்."

"சும்மா எந்திரிங்களேன்."

முன்னறையில் கதிரைகள் போதவில்லை. தாய்மாமா உள்ளறைக்கு வந்து, கட்டிலோரம் இருந்த அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பாரத்துக்கு அட்டையின் ஒரு மூலை உள்வாங்கத் தொடங்கியிருந்தது.

"நீங்க உக்காந்திருக்கிறது பன்னெண்டு லட்சத்து மேல மாமா."

மாமா தணலில் உட்கார்ந்தவர் போல எழுந்தார். தேநீர் வேட்டியில் சிந்தியது.

பெட்டியின் வாய் இன்னும் ஒட்டப்படவில்லை. நிரோஷினி மண்டியிட்டுத் திறந்தாள். உள்ளே இன்னொரு பெட்டி; இரண்டுக்கும் நடுவே நாலு பக்கமும் ஸ்பொஞ்சுத் துண்டுகள். அதற்குள், தனித்தனியாகச் சுற்றிய ஒரு பழைய ஜெர்மன் கமெராவும் இரண்டு லென்சுகளும். ஒன்றும் ஆகவில்லை. பார்சல் கட்டுவதில் அவளுடைய அப்பா சுந்தரலிங்கத்தைக் குறைசொல்ல முடியாது. "போற வழியில நாலு பேராவது தூக்கி எறிவான். ஒருத்தன் மேல ஏறியும் நிப்பான். அதுக்குத் தாங்குற மாதிரி கட்டணும்" என்பார். மைத்துனர் உட்காருவார் என்று நினைத்திருக்கமாட்டார்.

அப்பா முன்னறையில், மலர்ச்சாலைக்காரர்கள் கொண்டுவந்த சவப்பெட்டியில் கிடந்தார். நேற்று விடிகாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தவர், அம்மா தண்ணீர் எடுத்து வருவதற்குள் சாய்ந்துவிட்டார். இன்று பின்னேரம் அவரை மஹியாவ மயானத்துக்கு எடுக்கிறார்கள். அவருடைய கைபேசியை நிரோஷினி நேற்றிலிருந்து கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை.

மாநகர சபையின் தண்ணீர்ப் பகுதியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய கமெராக்களை வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்றுக்கொடுப்பதை அப்பா தொழிலாக்கிக்கொண்டார். ஆங்கிலம் வாசிப்பார், எழுத வராது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நிரோஷினி ஆங்கிலத்தில் தட்டுவாள். இந்தக் கமெரா, புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் வந்து இப்போது அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும் ரத்தினம்மாவுடையது. அவருடைய காலஞ்சென்ற புருஷன் இருளப்பன் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரர். ஊரைவிட்டுப் போன ஒரு துரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கடையொன்றில் நாற்பதாயிரம் என்றார்கள். "அவசரப்படாதீங்கக்கா, இதுக்குன்னு ஆள் இருக்கு" என்று அப்பா வாங்கி வைத்தார். ரத்தினம்மா ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கேட்கவில்லை. போன மழையில் மண் சரிந்து அவருடைய அடுப்படிச் சுவரும் பின்னறையும் போயிருந்தன. தங்கச்சி வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறார். காலையில் வந்ததிலிருந்து கமெராவைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கேட்டிருந்தால்கூட நிரோஷினிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வாங்குகிறவர் டென்மார்க்கில் இருக்கும் ஹென்ரிக் என்ற வயதானவர். இன்று மூன்று மணிக்கு வீடியோவில் கூப்பிடுவார். அப்பா கமெராவைக் கையில் பிடித்து முகத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அவர் அப்பாவின் கணக்குக்குப் பணம் போடுவார். பணம் வந்துவிட்டதென்று வங்கிக்காரர் வாயால் சொன்ன பிறகே பார்சலின் வாய் ஒட்டப்படும். போட்ட சிட்டையைப் படம் பிடித்து அனுப்பினால் அப்பா நம்பமாட்டார். மூன்று மணிக்கு ஆள் வராவிட்டால் ஜப்பானில் இன்னொரு கமெரா பார்த்து வைத்திருப்பதாக ஹென்ரிக் நேற்று முன்தினம் எழுதியிருந்தார். கோபமில்லாமல்தான் எழுதியிருந்தார்.

தன்னை ஏமாற்றக்கூடாது என்பதில் இருந்த கவனம், வாங்குபவர் ஏமாறக்கூடாது என்பதிலும் அப்பாவுக்கு இருந்தது. மாத்தளையில் ஒரு வியாபாரியின் ஈமெயிலுக்குள் எவனோ புகுந்து, அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், நான் மகன், இந்தப் புதுக் கணக்குக்குப் போடுங்கள் என்று எழுதி ஒருவருடைய பணத்தை விழுங்கிவிட்டான். அதைக் கேட்ட நாளிலிருந்து அப்பா எல்லோருக்கும் ஒரே எச்சரிக்கையை அனுப்புவார்.

"போடும்மா. என் கணக்கு மாறவே மாறாது. மாறிருச்சுன்னு யாராவது சொன்னா, நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்னு சொன்னா, செத்துட்டேன்னு சொன்னாக்கூட நம்பாதீங்க. அந்த எடத்திலேயே போனை வெட்டிருங்க."

"செத்துட்டேன்னெல்லாம் எழுதணுமாப்பா?"

"திருடன் அதத்தாம்மா மொதல்ல சொல்லுவான்."

ஹென்ரிக்குக்கும் அதைத் தட்டி அனுப்பியவள் அவள்தான்.

மாமா வேட்டியை உதறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

"வெள்ளைக்காரனுக்கு மச்சான் போனது தெரியுமா?"

"தெரியாது."

"பேங்க்குக்கு?"

"இன்னும் சொல்லல்ல."

"அப்புறம் என்னத்துக்கு இந்த ஓட்டம்? காய்ச்சல், தொண்டை கட்டிருச்சு, பேச ஏலாதுன்னு மச்சான் அனுப்புற மாதிரி அனுப்பு. கமெராவ மட்டும் படம் புடிச்சுப் போடு. பழைய கணக்குக்கே காசு வரட்டும். கார்டு இருக்கு, நம்பரு அக்காவுக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமா எடுத்துறலாம். சாவுன்னு தெரிஞ்சா பேங்க்காரன் பூட்டிருவான். அப்புறம் கோடு கச்சேரின்னு வருஷக்கணக்கா அலையணும்."

"பொய் மாமா அது."

"யாருக்கு நட்டம் சொல்லு பாப்போம்? அவனுக்குக் கமெரா. அந்தம்மாவுக்குச் சுவரு. போனவருக்குப் புண்ணியம்."

அதில் பிழை எங்கே என்று நிரோஷினியால் சட்டென்று காட்ட முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். கமெராவின் சுற்றைப் பிரித்தாள், திரும்பச் சுற்றினாள். கைபேசியில் தட்டினாள். 'எனக்குக் காய்ச்சல். குரல் இல்லை. மன்னிக்கவும். கணக்கு அதேதான்.' அப்பாவின் வாக்கியங்கள் அப்படித்தான் கட்டையாக இருக்கும். இத்தனை வருஷம் அவற்றை எழுதியவளுக்கு இது ஒரு வேலையே இல்லை. படித்துப் பார்த்தபோது அப்பாவே பக்கத்தில் நின்று சொன்னது போல இருந்தது. அவளுடைய விரல் அனுப்பும் குறிக்கு மேல் போய் நின்றது, இறங்கவில்லை.

கைபேசியோடு எழுந்து அடுப்படிக்குப் போனாள். எதற்கென்று தெரியாமல் அங்கிருந்து கொல்லைப்பக்கம் போய், திரும்ப வந்தாள்.

"என்னம்மா, காலுல சக்கரத்த கட்டிக்கிட்டு?" என்றார் ரத்தினம்மா, கழுவிய கோப்பையைக் கவிழ்த்துக்கொண்டே. "ஒரு வா தேத்தண்ணியாவது குடி."

"சுதேஷ் கூப்பிடுவான் பெரியம்மா. அதான்."

அது பாதி உண்மை. தம்பி சுதேஷுக்குக் கட்டாரில் லீவு கிடைக்கவில்லை. எடுக்கும்போது அம்மாவின் போனுக்கு வீடியோவில் வந்து முகம் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தான்.

"பாவம், கொள்ளி வைக்க வேண்டிய புள்ள," என்றார் ரத்தினம்மா. அப்போது அவளுடைய கையில் இருந்த அப்பாவின் கைபேசி மணி அடித்தது.

திரையில் முதலில் ஒரு காப்பிக் குவளையும் ஜன்னலும் தெரிந்தன. பிறகு வெளுத்த தாடியோடு ஒரு முகம். அந்த முகம் சிரிக்க ஆயத்தமாகி, இவளைக் கண்டதும் நின்றது.

"நீங்கள் திரு. சுந்தரலிங்கம் இல்லையே" என்றார் ஹென்ரிக் ஆங்கிலத்தில்.

"அவருடைய மகள். கடிதங்களைத் தட்டுகிறவள்." காய்ச்சல் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "அப்பா நேற்று இறந்துவிட்டார்."

அவர் குவளையை நகர்த்தி வைத்தார். அவசரமே இல்லாமல் கேட்டார்: "அப்படியானால் பணத்தை எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும்?"

"எதற்கும் வேண்டாம். பழைய கணக்குக்குப் போட்டால் அது பூட்டிக்கொள்ளும். அம்மாவின் கணக்கு இருக்கிறது. ஆனால் இன்றைக்கு வேண்டாம். கொஞ்ச நாள் பொறுத்தால் போதும்."

"இன்னொரு கணக்கு." அவர் பெருமூச்சு விட்டார். "இப்படி யாராவது சொல்வார்கள் என்று உங்கள் தந்தை, நீங்கள் மகளென்றால் உங்கள் தந்தை, எனக்கு எழுதியிருக்கிறார்."

"தெரியும். நான்தான் அதைத் தட்டினேன்."

"அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும்."

அவருடைய விரல் பெரிதாகி, திரையின் அடிப்பகுதியை நோக்கி வந்தது. திருடன் சொல்லக்கூடியதை எல்லாம் அப்பா முன்கூட்டியே அடைத்து வைத்திருந்தார். உண்மைக்கென்று ஒரு சந்துகூட விடவில்லை.

"தம்பியா?" என்று, குழாய்ச் சத்தத்தில் பேச்சு காதில் விழாத ரத்தினம்மா ஈரக் கையோடு போனைப் பறித்தார். "கொண்டா இங்க. நீ இப்பிடி முழிச்சிக்கிட்டு நின்னா புள்ள எப்பப் பாக்குறது?"

"பெரியம்மா, அது—"

ரத்தினம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் கை தூரத்தில் ஒன்றும் தெரியாது. அவர் போனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, பெண்களை விலக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். நிரோஷினி பின்னால் ஓடினாள்.

"வழிய விடுங்க, சுதேஷு பாக்கட்டும்! பாரு ராசா. ஒங்கப்பாவ நல்லாப் பாத்துக்க. தூங்குற மாதிரி இல்ல? வாழ்ந்த வாழ்க்கையில ஒருத்தருக்கு ஒரு கெடுதல் நெனச்ச மனுசனா? நெத்திய பாரு, வேர்வைகூட இல்ல ராசா. ஒனக்கு லீவு தராத அந்த மொதலாளி நல்லா இருப்பானா? அவன் வீட்டுல சாவே வராதா?"

பெண்கள் ஓவென்று எழுந்தார்கள். யாரோ ஒருத்தி சுதேஷின் பெயரைச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டாள். போன் அப்பாவின் முகத்துக்கு மேல், குத்துவிளக்கின் வெளிச்சத்தில், ஆடிக்கொண்டே நின்றது.

"ஏன் பேசாம இருக்க? அழுதுரு ராசா. மனசுல வச்சுக்கிட்டா நெஞ்சு வெடிச்சிரும். தனியா கெடக்குற புள்ள நீ. அழுதுரு!"

தலைமாட்டில் இருந்த அம்மா கஜலட்சுமி நிமிர்ந்தாள். அவளுடைய கண்களுக்குத் திரை நன்றாகத் தெரிந்தது. வெள்ளைத் தாடியைப் பார்த்தாள், வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். கையை நீட்டி, அப்பாவின் முகவாயை மறைத்துக்கொண்டிருந்த மாலையை இரண்டு விரல் அளவு கீழே இறக்கிவிட்டாள்.

ரத்தினம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபோதுதான் நிரோஷினிக்குப் போன் கைக்கு வந்தது. அழைப்பு வெட்டப்பட்டிருக்கவில்லை. அவள் சுவரோரம் ஒதுங்கினாள்.

"அந்த அம்மா யார்?" என்றார் ஹென்ரிக். குரல் இறங்கியிருந்தது.

"கமெராவின் சொந்தக்காரர்."

"நான் யார் என்று அவருக்குத் தெரியுமா?"

"இல்லை. என் தம்பி என்று நினைக்கிறார். உங்களை அழச் சொன்னார்."

"இன்று யாருக்கும் பணம் அனுப்பமாட்டேன்" என்றார். "உங்கள் சடங்குகள் முடியட்டும். பிறகு உங்கள் அம்மா என்னைக் கூப்பிட வேண்டும். அவருடைய முகமும் கமெராவும் ஒன்றாக. அதற்குப் பிறகுதான் கணக்கு இலக்கம். அது உங்கள் தந்தை போட்ட விதி."

"ஜப்பானில் ஒன்று பார்த்து வைத்திருப்பதாக..."

"ஜப்பானில் இருப்பது அங்கேயே இருக்கட்டும்."

"எடுக்கப் போறோம், பாக்கிறவங்க பாத்துக்குங்க!" என்று வாசலில் யாரோ கத்தினார்கள். தப்பு முழங்கத் தொடங்கியது. வீடு முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. மாமா அம்மாவின் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். அதில் வேலைத்தளத் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் சுதேஷ் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான். ரத்தினம்மா கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கி அவனைப் பார்த்தார். திரும்பி நிரோஷினியின் கையில் இருந்த போனைப் பார்த்தார். வாய் திறந்தது. பிறகு சவப்பெட்டியின் ஓரத்தைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்கப் போனார்.

ஆண்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். பெண்கள் வாசல்வரை வந்து நின்றார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நிரோஷினி அழைப்பை வெட்டுவதற்காகப் போனைத் திருப்பினாள்.

ஹென்ரிக் எழுந்து நின்றிருந்தார். மேசையில் சாய்த்து வைத்த போனுக்கு அவருடைய முகம் எட்டவில்லை. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையும் அதன் பொத்தான்களும்தான் தெரிந்தன. நடுப் பொத்தானை வேறு நிற நூலால் தைத்திருந்தார்கள். தப்புச் சத்தம் சரிவில் இறங்கி, சந்தியில் பஸ்களின் இரைச்சலோடு கலந்து, கேட்காமல் போகும்வரை அந்தப் பொத்தான்கள் அசையவில்லை.